எட்டாவது திருகாணி

பேத்தி நாளை முதன்முதலாகப் பனியில் சறுக்கப் போவதாக இருந்தது. பனி என்றால், துபாயில் ஒரு பெரிய மாலுக்குள்ளே கட்டி வைத்திருக்கும் பனிமேடு. கொண்டுபோக வேண்டியவற்றை எழுதி மகள் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். பதினோரு உருப்படி. நான் நான்கு முறை எண்ணினேன்; பத்துதான் வந்தது. இடது கைக்கான கையுறை இல்லை.

"அப்பா, நீங்க எண்ணி எண்ணி அவளையும் பயமுறுத்தாதீங்க," என்றாள் மகள்.

கையுறை வாஷிங் மெஷினுக்குப் பின்னால் செருகியிருந்தது. பார்த்துவிட்டேன். கையுறை தானாக நடந்து அங்கே போகாது. எடுக்காமல் வந்துவிட்டேன். நான் எதையும் இரண்டாக வாங்கி வைக்கிறவன். என் பெட்டியில் பிரிக்காத சோடி இன்னொன்று இருந்தது. அதையும் சொல்லவில்லை. சாப்பிடும்போது, "ஒண்ணு குறைஞ்சா போகக் கூடாது, அடுத்த லீவுக்குப் பாத்துக்கலாம்," என்று மட்டும் சொன்னேன். பேத்தி இரண்டு சப்பாத்தி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

அந்தச் சட்டம் என்னுடையது அல்ல. ஒன்பது வயதில், சவுதியில் தம்மாம் நகரத்தில் நான் கேட்டது.

அப்பா அங்கே ஓர் எண்ணெய்க் கம்பெனியில் குமாஸ்தா. சித்தப்பா அதே கம்பெனியின் வண்டிப் பட்டறையில் மெக்கானிக். இரண்டு அறை வீட்டில் எங்களோடுதான் இருந்தார். நகரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் பெரிய மணல்மேடுகள் உண்டு. வெள்ளிக்கிழமைகளில் அமெரிக்கக்காரர்கள் பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு அந்த மணலில் சறுக்குவார்கள். அவர்களில் ஓர் அதிகாரி வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பும்போது, தன் மகனுடைய கட்டைகளையும் பூட்ஸையும் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டார்.

"ஏல, வார வெள்ளிக்கெழம நீ சறுக்குத. அமெரிக்காக்காரன் பிள்ளைக்கும் ரெண்டு காலு, ஒனக்கும் ரெண்டு காலு. பெறவென்ன?" என்றார் சித்தப்பா.

கணக்கு சரியாக இருந்ததால் தலையாட்டினேன். அதோடு நின்றிருக்கலாம். கட்டிடத்திலிருந்த பிள்ளைகள் ஏழு பேரிடமும் தனித்தனியாகப் போய்ச் சொன்னேன்.

ஆறு நாள் ஏற்பாடு. பூட்ஸ் பெரியதாக இருந்ததால் மூன்று சோடி காலுறை போட்டு, பாயின் மேல் கட்டைகளோடு நின்று பழகினேன். சித்தப்பா கட்டைகளின் அடியில் மெழுகுவத்தி தேய்த்தார். கட்டைக்கு இரண்டு வத்தி. அம்மா ஒரு தலையணையைப் பிரித்து, என் முழங்கால்களுக்கு இரண்டு சின்ன மெத்தைகள் தைத்தாள்.

"தம்பி, ஒத்தப் பிள்ளைய வச்சிருக்கேன். காலு கீலு ஒடிஞ்சா என்ன செய்விய?"

"மணல்ல விழுந்து எவனுக்கு மதினி காலு ஒடிஞ்சிருக்கு? பஞ்சு மாதிரில்லா இருக்கும்."

"பஞ்சுன்னா பெறவு நான் எதுக்கு இதத் தைக்கேன்?"

சித்தப்பா குனிந்து மறுபடியும் மெழுகு தேய்க்க ஆரம்பித்தார். எனக்கு அப்போதுதான் முதல் சந்தேகம் வந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை மேட்டைக் காட்ட அழைத்துப் போனார். ஏறும்போது எண்ணினேன்: நூற்றுப் பன்னிரண்டு அடி. உச்சியிலிருந்து பார்த்தால் எங்கள் வண்டி தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. இறங்க எத்தனை அடி என்று கேட்டேன். "எறங்க ஒரே அடிதான்ல," என்று சிரித்தார். அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஏழு பேர் முகத்தில் எப்படி விழிப்பது?

வியாழக்கிழமை பிற்பகல் சித்தப்பா கட்டைகளைத் துடைத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும் இரும்புப் பட்டை ஒவ்வொரு கட்டையிலும் நான்கு திருகாணிகளில் நின்றது. ஆக எட்டு. அவர் குளிக்கப் போன நேரத்தில், அவருடைய திருப்புளியாலேயே எட்டாவதைக் கழற்றினேன். அம்மா தினமும் இரண்டு வேளை பெருக்குகிற வீட்டில் ஒரு திருகாணியை ஒளிக்க இடம் ஏது? என் ஷூவுக்குள் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சித்தப்பாவின் பிக்கப்பில் கிளம்பினோம். மூன்று சோடி காலுறையையும் வீட்டிலேயே மாட்டியிருந்தேன். என் காலடியில் பழைய பிஸ்கட் டின் ஒன்று கிடந்தது. மேட்டை நினைக்காமல் இருப்பதற்காக அதைத் திறந்து எண்ணினேன். சிறிதும் பெரிதுமாக நாற்பத்து மூன்று திருகாணிகள்.

வண்டியை விட்டு இறங்கி மணலில் பத்தடி நடந்திருப்பேன்.

"ஏன்ல நொண்டுத?"

"சாக்ஸ் மூணு போட்டிருக்கேம்லா, சித்தப்பா."

அவர் என் காலைப் பார்த்தார். பிறகு கட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் திருப்பினார். காலியாக இருந்த துளையில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். உப்புக்காற்றில் கண்ணீர் வந்துவிடும் போலிருந்தது.

"ஒண்ணக் காணல," என்றார் சித்தப்பா. "ஒரு ஸ்க்ரூ கொறஞ்சாலும் வண்டிய எடுக்கக் கூடாது. பட்டறைல அதான் சட்டம். கலாஸ், இன்னைக்குச் சறுக்கு கெடையாது."

அந்த நொடியே எனக்குப் பசித்தது. அம்மா கட்டிக் கொடுத்திருந்த எலுமிச்சைச் சோற்றில் முக்கால் பங்கை நானே தின்றேன். அப்புறம் சித்தப்பா வண்டியில் கிடந்த அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, மிச்சமிருந்த மெழுகுவத்தியை அதில் தேய்த்தார். பாதி மேடு வரை ஏறினோம், ஐம்பத்தாறு அடி. அவர் முன்னால், நான் அவர் முதுகைக் கட்டிக்கொண்டு பின்னால், உட்கார்ந்தபடியே சறுக்கி வந்தோம். மொத்தம் ஆறு முறை. நான்காவது முறையிலிருந்து நான்தான் முன்னால். காது, மூக்கு, வாய் எல்லாம் மணல். அவ்வளவு நிம்மதியாக நான் அதற்குப் பிறகு எங்கேயும் விழுந்ததில்லை.

கட்டிட வாசலில் ஏழு பேரும் காத்திருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார்.

"ஸ்க்ரூ மாஃபிடே, ஒண்ணு இல்ல. இவன் ரெடியாத்தான் நின்னான், நாந்தான் விடல."

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் கட்டைகள் வேறு யாருக்கோ கைமாறிவிட்டன. என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மேட்டிலிருந்து வீடு திரும்பிய வழியெல்லாம் என் காலடியில் அந்த பிஸ்கட் டின் குலுங்கிக்கொண்டே வந்தது. அதற்குள் நாற்பத்து மூன்று இருப்பது எனக்குத் தெரியும். எங்களுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அன்று தோன்றவில்லை. எட்டாவது திருகாணி உள்ளங்காலில் உறுத்திக்கொண்டிருக்க, அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே சித்தப்பாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனேன்.