போருக்குப் போன பாப்பரசர்

எங்கள் மாதா கோயில் திருநாளுக்கு இந்த முறை சிலுவைப் போர் நாடகம் போடுவதென்று பங்குச் சுவாமி முடிவெடுத்தார். பாப்பரசர் வேடம் என் தலையில் விழுந்தது. பக்தியைப் பார்த்துத் தந்ததல்ல. கடலில் நின்று கூப்பிட்டால் கரையில் நிற்கிறவனுக்குக் கேட்கிற தொண்டை எனக்கு. ஒலிபெருக்கி பழுதானாலும் நாடகம் நிற்காது என்று சுவாமி யோசித்திருக்கிறார்.

கதை இதுதான். அந்தக் காலத்துப் பாப்பரசர் ஒரு திறந்த வெளியில் சனத்தைக் கூட்டி, எருசலேமை மீட்கப் போங்கள், போகிறவர்களின் பாவம் தீரும் என்று பிரசங்கம் வைக்கிறார். சனம் "கடவுளின் சித்தம்!" என்று கத்திக்கொண்டு, தோளில் சிவப்புத் துணிச் சிலுவை குத்திப் புறப்படுகிறது.

"பாப்பரசரும் போனவரோ?" என்று என் மனைவி கேட்டாள்.

"இல்லை. அனுப்பினவர் மட்டும்."

"அப்ப உங்களுக்கு நல்லாப் பொருந்தும். வீட்டிலயும் அதுதானே உங்கட வேலை."

அவளுடைய வெள்ளைச் சேலை எனக்கு அங்கியானது, பிஸ்கற் பெட்டி மட்டை முடியானது. சிலுவைகளைத் தைத்துத் தந்தவர் கோயிலுக்குப் பின்வீட்டு அக்கா. அவருடைய இளைய மகன் என்னோடு வள்ளத்தில் தொழிலுக்கு வருகிறவன். பிரசங்கம் முடிய அவன்தான் சனத்துக்குள் இருந்து முதலில் எழுந்து வரவேண்டும். அவனைப் பார்த்து மற்ற இளைஞர்கள் வருவார்கள். படை அப்படிச் சேரும் என்பது ஏற்பாடு.

திருநாளன்று பின்னேரம் நல்ல கூட்டம். ஆனால் என் பிரசங்கம் ஒருவருக்கும் ஏறவில்லை. முன்வரிசை கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தது. மீன் விலை சொல்லும்போதுகூட எனக்கு இதைவிட மரியாதை கிடைக்கும். எரிச்சலில், எழுத்தில் இல்லாத ஒன்றை எடுத்துவிட்டேன்.

"வீட்டுக்கு ஒராள் வாருங்கோ!"

கச்சான் உடைக்கிற சத்தம் நின்றது. போர்க்காலத்தில் இதே சொல்லை ஒலிபெருக்கியில் கேட்டுத்தான் அக்காவின் மூத்தவன் சண்டைக்குப் போனான். திரும்பி வரவில்லை. அங்கே இருந்தவர்களில் அது தெரியாதவர் இல்லை.

இளையவன் பேசி வைத்தபடி எழுந்தான். அக்கா பின்னாலிருந்து எட்டி அவன் சேட்டு நுனியைப் பிடித்தார்.

"இரடா!"

"அம்மா, இது நாடகம்தானே!"

"என்னவாயும் இருக்கட்டும்." அக்கா மேடைப் பக்கம் திரும்பினார். "இவன் வரமாட்டான். முதல் நீர் போம் தம்பி!"

யாரோ சிரித்தார்கள், பிறகு கூட்டமே சிரித்தது. மற்ற இளைஞர்களும் அசையவில்லை. அவர்களுடைய தாய்மாரும் பக்கத்தில்தானே இருந்தார்கள்! திரைக்குப் பின்னால் சுவாமி, "அண்ணை, பாப்பரசர் போகேல்லை! வரலாறு, வரலாறு!" என்று பல்லைக் கடித்தார்.

வரலாறு கிடக்கட்டும். ஒரு சிலுவையை எடுத்து என் தோளில் குத்தி, சேலை காலில் தடக்க மேடையால் இறங்கி, எருசலேமுக்குத் தன்னந்தனியே புறப்பட்டேன். "கடவுளின் சித்தம்!" என்று முதலில் கத்தியவள் என் மனைவி. அதற்குப் பிறகுதான் சனம் வாய் திறந்து கத்தியது.

நாடகம் அத்தோடு முடிந்தது. வேடத்தைக் கழற்றிவிட்டு அக்காவிடம் போனேன். கோயில் முற்றத்தில் கதிரைகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"எல்லாம் முடிஞ்சுது அக்கா. அவனை விடுங்கோ."

"ஓம் தம்பி, முடிஞ்சுதுதான்" என்றார்.

அவர் கை சேட்டு நுனியை விடவில்லை. அவனும் இழுக்கவில்லை.