அம்மா வாயில் வராத பெயர்

என் பெயரின் முதல் பாதி யாழ். நாகர்கோவிலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அப்பா, தமிழ்மேல் இருந்த பித்தில் வைத்தது. யாழின் இனிமை என்று பொருள். வகுப்பில் வேறு யாருக்கும் இல்லாத பெயர் என்று எனக்கும் பெருமைதான். தொண்ணூற்றொன்றாம் வருஷக் கோடையில் அந்தப் பெருமை போனது.

அப்பா இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எனக்குத் தாம்பரத்தில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்து, அம்மாவும் நானும் சேலையூரில், கேம்ப் ரோட்டை ஒட்டிய தெருவில் ஒரு மாடி போர்ஷனுக்குக் குடிவந்திருந்தோம். தெருவில் முகங்கள் பழகும் முன்பே ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. எங்களுக்குப் படப்பை வழியாக பஸ்ஸில் போய்வரும் தூரம். அதன்பிறகு, இலங்கைத் தமிழர்கள் யாராவது தங்கியிருக்கிறார்களா என்று போலீஸ் தெருத்தெருவாக விசாரித்தது.

யாழ் ஒரு நரம்புக் கருவி என்று அப்போது யாருக்குத் தோன்றும்? கேட்டவர்களுக்கெல்லாம் யாழ்ப்பாணம்தான். ஆபீசில் மேனேஜர் என் பெயரை விட்டுவிட்டு "ஏம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார். பஸ்ஸில் சிநேகிதி என் பெயரைச் சொல்லி அழைத்ததும் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி நடந்தேன்.

பெயரைவிட அம்மாவின் பேச்சுதான் எனக்குப் பெரிய பயம். எங்கள் ஊர்த் தமிழைக் கேட்டுவிட்டு "நீங்க சிலோனா?" என்று சென்னையில் கேட்பது வழக்கம். முன்பெல்லாம் சிரித்துக்கொள்வோம்.

"கடைக்கு நான் போறேன். நீ யாருட்டயும் பேசாண்டாம்" என்றேன்.

"நம்ம ஊரு பேச்சு பேசினா குத்தமா மக்களே?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்றபடியே கூப்பிட்டார். பின்னால் ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஒரு பெண் போலீஸ்.

"வாடகைக்கு இருக்கறவங்க விவரம் கேட்டாங்கம்மா, சொன்னேன். தப்பா நெனச்சுக்காதீங்க." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். அதுவே எனக்குக் கிலியாக இருந்தது. என்னைக் கூடத்திலும் அம்மாவைச் சமையலறையிலும் இருக்கச் சொன்னார்.

"இனிஷியலுக்கு விரிவு என்னம்மா? அப்பா பேரு?"

சொன்னேன். தாமரை போன்ற கண்ணை உடையவன் என்று பொருள் தரும் தமிழ்ப் பெயர். அவர் எழுந்து உள்ளே போனார்.

"உங்க கணவர் பேரு என்னம்மா?"

அம்மா அப்பாவின் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்தவள். பூக்கடையில்கூடத் தாமரையை "குளத்துப் பூ" என்றுதான் கேட்பாள். அப்பா போன பிறகும் அது மாறவில்லை.

"என்னம்மா, புருஷன் பேரு தெரியாதா?" அவர் குரல் இறுகியிருந்தது.

"நாங்க சொல்லமாட்டோம் சார்."

"இப்ப சொல்லித்தான் ஆகணும்."

சொல்லிவிடும்மா என்று கத்தத் தோன்றியது. கடைசியில், காய்ச்சலில் பிதற்றுகிறவளைப் போல அம்மா ஒரு பெயரைச் சொன்னாள். அது அப்பாவின் பெயர் இல்லை.

சப்-இன்ஸ்பெக்டர் என் எதிரே வந்து நின்றார். "நீ ஒண்ணு சொல்ற, உங்கம்மா வேற சொல்றாங்க. உண்மையில யாரும்மா உங்கப்பா?"

அம்மா ஏன் பொய் சொன்னாள் என்று ஒரு கணம் நானே அவளைச் சந்தேகப்பட்டேன். பிறகுதான் பொறி தட்டியது. அப்பாவுக்குப் பெற்றோர் வைத்தது வடமொழிப் பெயர். கல்யாணத்துக்குப் பிறகு அவராகவே அதைத் தமிழாக்கிக்கொண்டார். அம்மா இரண்டையுமே வாயில் கொண்டுவராவிட்டாலும், அவளுக்குத் தாலி கட்டிய அன்று கேட்ட பெயர்தான் புருஷன் பெயர்.

"ரெண்டும் ஒண்ணுதான் சார். அது சமஸ்கிருதம், இது தமிழ். ரெண்டுக்கும் தாமரை மாதிரி கண்ணுன்னுதான் அர்த்தம்."

"அர்த்தத்தை வெச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?" என்றார். அப்பா வேலை பார்த்த ஆபீஸைக் கேட்டுக்கொண்டார். "விசாரிச்சுட்டுச் சொல்றோம். அதுவரைக்கும் வெளியூர் எங்கயும் போகாதீங்க."

அதற்குப் பிறகு வாசலில் வண்டி நின்றாலே அம்மா அடுப்பை அணைத்துவிடுவாள். அவளுக்குப் போலீஸ் பயம் மட்டும் இல்லை.

"பேரைச் சொல்லிட்டேனே. அவரு போயாச்சு. இனி யாரு ஆயுசுக்கு வந்து விடியப் போவுதோ?" என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மூடநம்பிக்கை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேம்ப் ரோட்டைக் கடக்கும்போது கால் தயங்கியது.

அந்தப் பெண் போலீஸ் ஒரு சாயங்காலம் தனியாக வந்தார். "நாகர்கோவில்ல விசாரிச்சாச்சு. ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க" என்றார். அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

வீட்டுக்காரருக்கு அது போதவில்லை. "வீட்ல லேடீஸ் பயப்படறாங்க" என்று இழுத்தார். காலி செய்துகொண்டு வண்டலூர்ப் பக்கம் போனோம். புது வீட்டில் யாழை விட்டுவிட்டு மிச்சப் பெயரை மட்டும் சொன்னேன். அப்படியே பல வருஷம் அந்தப் பாதிப் பெயரில்தான் இருந்தேன்.

அங்கே போன மறுநாள் விடிகாலையில் உயிரியல் பூங்காவிலிருந்து சிங்கம் உறுமியது. அம்மா அலறிக்கொண்டு எழுந்து என் கையைப் பிடித்தாள். என்ன சத்தம் என்று சொன்னேன்.

"அது அடைச்சுப் போட்டதுதானே" என்று சொல்லிவிட்டு, அந்த வருஷத்தில் முதல் தடவையாக, வெயில் ஏறும்வரை தூங்கினாள்.