தெருவுக்கு ஒரு நாற்காலி

ஆரம்பாக்கத்தில் நடவுக் கூலிக்குப் போய் வந்த அஞ்சம்மாளுக்குச் சொத்து என்று சொல்லிக்கொள்ள நாலு மண்சட்டியும் ஒரு பாயும்தான். புருஷன் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம். கையில் இரண்டு பெண்பிள்ளைகள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில், பரம ஏழைகளுக்குச் சர்க்கார் கறவை எருமை கொடுக்கப்போகிறது என்று கேள்விப்பட்டதும், பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டு காத்திருந்தாள்.

கணக்கெடுக்க வந்தவர் கிராம சேவக் பூவராகவன். நாற்காலி இருக்கிற வீடு ஏழை வீடு ஆகாது என்று மேலிடத்தில் அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முதல் வீட்டில் நாற்காலி போட்டார்கள். குறித்துக்கொண்டார். அடுத்த வீட்டிலும் போட்டார்கள். அதற்கடுத்த வீட்டிலும். நாலாவதாக அஞ்சம்மாள் வீட்டில் உட்காரும்போதுதான், முதல் வீட்டு நாற்காலியின் காலில் கட்டியிருந்த அதே நீலக் கயிறு இதிலும் அவர் கண்ணில் பட்டது.

"இன்னாம்மா, எனக்கு முன்னாடியே நாற்காலி நடந்து வருதா?"

"பின்ன, வந்த மனுசாளைத் தரையிலயா குந்த வெக்கிறது? பொண்ணு பாக்க வர்றவங்களும் இதுலதான் சாமி குந்துவாங்க."

"பொண்ணுங்களை விட இதுதான் நெறைய மாப்பிள்ளைங்களைப் பாத்துக்கீது," என்றாள் வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக் குப்பாயி.

பூவராகவனும் சிரித்துவிட்டார். "சரி, இது யாருது? அவங்க பேரை மட்டும் எடுத்துடறேன்."

சிரிப்பு நின்றது. நாற்காலி குப்பாயியுடையது. மூட்டை சரிந்து இடுப்பொடிந்த அவள் புருஷனால் தரையில் உட்கார முடியாது. குப்பாயி வாயைத் திறப்பதற்குள் அஞ்சம்மாள் முந்திக்கொண்டாள்.

"என்னுதுதான் சாமி. என் பேரை எடுத்துடு."

"யக்கா! ரெண்டு பொண்ணை வெச்சிக்கினு இன்னா பேசற நீ?"

"சும்மா இருடி. எனுக்குக் கை காலு நல்லாத்தான் கீது."

பூவராகவன் குப்பாயி வீட்டுப் பக்கம் பார்த்தார். ஒரு மனிதன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். நாற்காலி தெருச் சுற்றப் போன நேரத்திலிருந்து, முனகாமல் அப்படியே நின்றிருக்கிறான்.

ஏழைக்கு நாளைய நினைப்பு கிடையாது, தன் வயிறு மட்டும்தான் தெரியும், அதனால்தான் அவன் ஏழை என்று பயிற்சி வகுப்பில் பாடம் கேட்டு வந்தவர் அவர். சட்டென்று எழுந்தார். நாற்காலியைத் தாமே தூக்கிப்போய், அந்த மனிதனைத் தோளில் தாங்கி அதில் உட்கார வைத்தார்.

திரும்பி வந்து அஞ்சம்மாள் வீட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஐய, வேட்டி அழுக்காவுது சாமி!"

அவர் காதில் எதுவும் விழவில்லை. குறித்ததையெல்லாம் அடித்துவிட்டுப் புதுத் தாளை எடுத்தார். முதல் பெயராக அஞ்சம்மாள் என்று எழுதினார், அடுத்தது குப்பாயி.