படியில் ஆளில்லாத பேருந்து

வீட்டில் எல்லோருக்கும் அவள் பொடிசு. முப்பதைத் தொட்ட பிறகும், காதோரம் ஒன்றிரண்டு நரை எட்டிப் பார்த்த பிறகும் பொடிசுதான். அவள் பள்ளியில் படிக்கும்போதே அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அக்காவும் அக்கா புருஷனும் வந்து அவளைத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில், துணி தேய்க்கும் மேஜையை அப்புறப்படுத்தி ஒரு கட்டில் போட்டார்கள். அங்கே நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். "நீ பொடிசுதானே, உனக்கு இடிக்காது" என்றார் மாமா. அக்கா புருஷனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். பொடிசு அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

மாமா பேருந்து ஓட்டுநர். வண்டியில் ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டுகிறவர் என்று பணிமனையில் பெயர் வாங்கியவர். தூறல் விட்டிருந்த ஒரு காலையில், சந்தைத் திருப்பத்தில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு தையல்காரர் அவருடைய பேருந்தில் அடிபட்டு இறந்துபோனார். விசாரணையில் மாமாவிடம் இருந்தது ஒரே பதில்தான். "நேராத்தான் பாத்துட்டு வந்தேன். முன்கண்ணாடி ஓரத்துல இருக்கிற தூண் அந்த ஆள மறைச்சிருச்சு."

யாரும் நம்பவில்லை. அதே பணிமனையில் பேருந்து கழுவும் பகுதிக்கு அவரை இறக்கிவிட்டார்கள். சீருடை போய் ரப்பர் பூட்ஸ் வந்தது. சாப்பாட்டு மேஜையில் உப்பு டப்பாவைத் தூணாகவும் டம்ளரைத் தையல்காரராகவும் வைத்து, மறைத்த விதத்தை அவர் விளக்கிக் காட்டாத வாரமே கிடையாது. அக்கா அந்த டம்ளரை எடுத்துத் தண்ணீர் ஊற்றிவிடுவாள். "போதும், சாப்பிடுங்க."

பொடிசு அப்போது ஒரு ஸ்டுடியோவில் விளம்பரப் படங்களை வெட்டி ஒட்டும் வேலையில் இருந்தாள். சோப்பைப் பார்த்துச் சிரிக்கிறவர்களின் சிரிப்பை நீட்டியும் குறைத்தும் அலுத்துப்போயிருந்தது. பல்கலைக்கழகத்தில் 'நுண்ணறிவு ஊடகமும் மெய்நிகர் உலகமும்' என்று ஒரு முதுகலைப் படிப்பு தொடங்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் வேலையை விட்டுவிட்டு விண்ணப்பித்தாள்.

"இதப் படிச்சு முடிச்சா நீ என்னவா ஆவே?" என்று அக்கா கேட்டாள்.

"எனக்கும் தெரியலக்கா."

"தெரிஞ்சதையே படிக்கிறதுக்கு எதுக்குக் காலேஜ்? விடு, படிக்கட்டும்" என்று மாமா முடித்துவைத்தார்.

ஆய்வகம் ஜன்னலில்லாத நீண்ட அறை. வரிசையாக நாற்காலிகள், கொக்கிகளில் கண்ணை மூடி மாட்டிக்கொள்ளும் ஹெட்செட்கள், மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. ஹெட்செட்டுக்குள் உலகம் ஓட, உடம்பு மட்டும் நாற்காலியில் அசையாமல் இருக்கும்போது வயிறு புரட்டிக்கொண்டு வரும். முதல் வாரத்தில் வகுப்பில் பாதிப் பேருக்கு அந்த வாளியோடு நல்ல பழக்கமாகிவிட்டது. அவளைவிட ஏழெட்டு வயது சின்னவர்கள் எல்லோரும். ஆய்வுத் தலைப்பு எடுக்க வேண்டிய நேரத்தில் ஒருவன் நிலவில் வீடு கட்டினான், ஒருத்தி கடலுக்கடியில் அரண்மனை கட்டினாள். பொடிசு சந்தைத் திருப்பத்தைக் கட்டப்போவதாகச் சொன்னாள்.

ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியர் தயங்கினார். "சொந்த விஷயத்த ஆய்வுல கொண்டுவராதம்மா. கண்ண மறைச்சிரும்."

"எது மறைச்சுதுன்னு பாக்கத்தான் சார் பண்றேன்."

அவர் சிரித்துவிட்டார். தலைப்பு கிடைத்துவிட்டது.

பணிமனையின் பின்பக்கம் கழித்துப்போட்ட பேருந்துகளில் மாமா ஓட்டிய ரகம் ஒன்று துருப்பிடித்து நின்றது. காவலாளியிடம் கெஞ்சி உள்ளே போய், ஓட்டுநர் இருக்கையின் உயரம், கண்ணாடியின் சாய்வு, அந்தத் தூணின் பருமன் எல்லாவற்றையும் அளந்தாள். சந்தைத் திருப்பத்தைப் பகல் முழுக்கப் படம் பிடித்தாள். அங்கே நடக்கிறவர்களின் நடையைப் பார்த்துப் பார்த்து ஒரு கணினி நிரல் ஆட்களைத் தானாக நடக்கவைக்கக் கற்றுக்கொண்டது. மூட்டை தூக்குகிறவர் மூட்டை தூக்குகிறவராக நடந்தார். சைக்கிள் தள்ளுகிறவர் சைக்கிள் தள்ளுகிறவராக நடந்தார். தையல்காரருக்கு மட்டும் அவள் முகம் வைக்கவில்லை. வைக்க மனம் வரவில்லை.

எல்லாம் கூடிவந்த நாளில், ஸ்டீயரிங்கும் கியரும் பிரேக்கும் பொருத்திய ஆய்வக நாற்காலியில் அவளே முதலில் ஹெட்செட்டோடு ஓட்டுநராக உட்கார்ந்து பார்த்தாள். திருப்பம் வந்தது. தையல்காரர் சைக்கிளோடு சாலையில் இறங்கினார். தூண் அவரைக் கொஞ்சம் மறைத்தது, பிறகு விட்டுவிட்டது. பிரேக் பிடிக்கத் தாராளமாக நேரமிருந்தது.

எங்கோ தப்பு என்று நினைத்தாள். மாமாவின் உயரத்துக்கு இருக்கையைத் திருத்தினாள். பேருந்தின் வேகத்தைக் கூட்டிப் பார்த்தாள். பணிமனைக்குப் போய்த் தூணை மறுபடி அளந்தாள். தூண் எத்தனை முறை அளந்தாலும் அதே தூண்தான். பேராசிரியரும் உட்கார்ந்து சரிபார்த்தார். "எல்லாம் சரியா இருக்கும்மா. உனக்குத்தான் பிடிக்கல."

வீட்டில் மாமா தினம் கேட்டுக்கொண்டிருந்தார். "எப்ப காட்டப் போறே?" சாக்குச் சொல்லிச் சொல்லி அவளுக்குச் சாக்கு தீர்ந்துபோனது. ஒரு விடுமுறை நாளில், பழைய சீருடைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு அவர் ஆய்வகத்துக்கு வந்தார். அக்காவும் கூட வந்தாள்.

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டதும் அவர் கை தானாகக் கியரைத் தேடியது. நிறுத்தத்திலிருந்து வண்டியை எடுத்த விதத்திலேயே, எத்தனை நாள் ஏக்கம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. திருப்பம் வந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. தையல்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தார்.

மாமா கழுத்தைத் திருப்பி, போகிற தையல்காரரையே பார்த்தார். பிறகு, "அப்ப தூண் மறைக்கலையா?" என்றார்.

அவள் அக்காவைப் பார்த்தாள்.

"பொடிசு, உன்னத்தான் கேக்கறேன்."

"இல்ல மாமா."

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தாள். "கெளம்புங்க, போலாம். வேற ஒருத்தரும் பண்ணாதத நம்ம வீட்டுப் பிள்ள பண்ணிட்டா."

"இரு" என்றார் மாமா. ஹெட்செட்டைக் கழற்றவில்லை. "பொடிசு, இது என் வண்டி இல்லம்மா. என் வண்டி இவ்ளோ காலியா ஒருநாளும் போனதில்ல. ஆள் ஏத்து. படியில நிக்கற மாதிரி ஏத்து. என் வண்டியில கதவு பாதியிலயே நின்னுரும், மூடாது. எத்தனையோ தடவ ஆபீஸுக்குப் புகார் எழுதிப் போட்டேன், ஒருத்தனும் வந்து பாக்கல."

அது அவளுக்குத் தெரியாத செய்தி. தூண் தூண் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் கதவைப் பற்றி ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. அது விபத்தோடு சேர்ந்த விஷயம் என்று அவருக்கே தோன்றியிருக்கவில்லை.

சில வாரங்கள் உழைத்து, கூட்டத்தை ஏற்றினாள். கதவைப் பாதியில் நிறுத்தினாள். படியில் புத்தகப் பையோடு பிள்ளைகளைத் தொங்கவிட்டாள். தையல்காரர் எப்போது சாலையில் இறங்குவார் என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாதபடி மாற்றிவைத்தாள். ஓட்டுகிறவரின் கண் எங்கே போகிறது என்பதை ஹெட்செட் தானாகவே கவனித்து, பக்கத்துத் திரையில் ஒரு சிவப்புப் புள்ளியாகக் காட்டும்.

மாமா மறுபடி வந்து ஓட்டினார். திரையில் அந்தப் புள்ளி சாலையில் நின்றதைவிடப் படிக்கட்டைக் காட்டும் கண்ணாடியில் நின்றதுதான் அதிகம். போய்ப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்தது. திருப்பத்திலும் பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. தையல்காரர் அடிபட்டார்.

மாமா ஹெட்செட்டைக் கழற்றி, திரையில் அந்தப் புள்ளி ஓடியதை அவள் மறுபடி போட்டுக் காட்டப் பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நேராத்தான் பாத்தேன்னு சத்தியம் பண்ணேனேம்மா. பொய் சொல்லணும்னு சொல்லல." திரையைத் தொட்டு, "புள்ளைங்க விழுந்துருவாங்களோன்னு பாத்திருக்கேன்" என்றார். குரலில் அழுகையும் இருந்தது, ஒரு நிம்மதியும் இருந்தது. "இத ஆபீஸ்ல காட்டலாமா?"

"வைவா முடியட்டும் மாமா. நானே கொண்டுபோய்க் காட்டறேன்" என்றாள் பொடிசு. அப்போது அதை மனதாரத்தான் சொன்னாள்.

ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வான வைவாவுக்கு, மாமா வேலை பார்க்கும் பேருந்து நிறுவனத்தின் பயிற்சி அதிகாரியும் அழைக்கப்பட்டிருந்தார். ஹெட்செட்டை மாட்டி ஓட்டிப் பார்த்து அசந்துபோனார். புது ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்க இதைவிட வேறென்ன வேண்டும் என்றார். நிறுவனம் இதை வாங்கிக்கொள்ளும், அவளையும் வேலைக்கு எடுத்துக்கொள்ளும் என்றும் சொன்னார். போகிறபோக்கில் சொல்வதுபோல் ஒன்று சேர்த்துக்கொண்டார். "அந்தக் கதவு, படிக் கூட்டம் எல்லாம் பயிற்சிக்கு எதுக்குங்க? ஓட்டறவன் கவனம் சிதறக்கூடாது, அதுதானே பாடம்?"

பேராசிரியரும் அந்தப் பக்கமே பேசினார். "ஆய்வேட்டுல எல்லாம் இருக்கு. அது நூலகத்துல பத்திரமா இருக்கும். அவங்களுக்குக் குடுக்கறது வேற."

நிலவில் வீடு கட்டியவன் தன் வீட்டை யாரும் பார்க்க வராமல் பழைய செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். திரும்ப ஸ்டுடியோவுக்குப் போய்ச் சோப்புச் சிரிப்பை வெட்டுவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. முதலில் உள்ளே போவோம், உள்ளே போன பிறகு கதவைப் பற்றிப் பேசுவோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கூட்டத்தை ஏற்றுவதற்கு வாரக்கணக்காக ஆனது. இறக்குவதற்கு ஒரு மதியம்கூட ஆகவில்லை. கடைசியாகக் கதவை மூடினாள். வேலை கிடைத்ததை வீட்டில் சொன்னாள், இதைச் சொல்லவில்லை.

பயிற்சி அறையைப் பணிமனையில்தான் திறந்தார்கள், கழுவும் பகுதிக்கு அடுத்த கட்டடத்தில். ஊழியர்கள் எல்லோரையும் வரச்சொல்லியிருந்தார்கள். ஈர பூட்ஸோடு வாசல் ஓரத்தில் நின்ற மாமாவைப் பயிற்சி அதிகாரி பார்த்தார். அந்த விபத்தில் வண்டி ஓட்டியவர் அவர்தான் என்று அதிகாரிக்குத் தெரியாது. "பழைய டிரைவராமே? வாங்க, நீங்களே தொடங்கி வைங்க."

பொடிசு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாமா அதற்குள் பெருமையாக அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஹெட்செட்டை அவள்தான் மாட்டிவிட வேண்டியிருந்தது. அவள் விரல்கள் அவர் காதில் பட்டன.

வண்டி கிளம்பியது. சிவப்புப் புள்ளி வழக்கம்போலக் கண்ணாடிக்குப் போனது. அங்கே பார்க்க ஒன்றுமில்லாமல் சாலைக்குத் திரும்பியது. மறுபடி போனது, திரும்பியது. அதற்குப் பிறகு போகவேயில்லை. திருப்பத்தில் மாமா அழகாகப் பிரேக் பிடித்தார்.

அதிகாரி கைதட்டினார். கூட்டமும் தட்டியது. "பாத்தீங்களா? ஓட்டறவர் கவனமா இருந்தா விபத்துங்கற பேச்சுக்கே இடமில்ல."

மாமா ஹெட்செட்டைக் கழற்றி, வாரைச் சுருட்டி, பதவிசாக அவள் கையில் கொடுத்தார்.

"கதவ எப்பம்மா சரி பண்ணாங்க?" என்றார்.

அவளுக்கு மட்டும் கேட்கும்படிதான் கேட்டார். அவர் வாசலில் விட்டிருந்த தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து பணிமனையில் எதிர்ப்பட்டால், "வணக்கம் மேடம்" என்பார். முகத்தில் கேலியும் இருக்காது, கோபமும் இருக்காது. மற்ற ஊழியர்கள் எப்படிச் சொல்வார்களோ அப்படியே சொல்வார். வீட்டில் அவள் சாப்பிட உட்காரும்போது எழுந்துபோய்விடுவார். ஒரு மாதம் அப்படி ஓடியது. அவள் வேறு அறை பார்த்துக்கொண்டு போனாள். யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.

கதவைப் பற்றி அதிகாரியிடம் அவள் இரண்டு முறை பேசிப் பார்த்தாள். முதல் முறை, பார்க்கலாம் என்றார். இரண்டாம் முறை, "உங்களுக்கு இங்க ஏதாவது குறையா?" என்று கேட்டார். மூன்றாம் முறை அவள் பேசவில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் அக்கா அவள் அறைக்கு வந்தாள். விட்டுப்போன கம்பளியையும் சில புத்தகங்களையும் ஒரு பையில் கொண்டுவந்திருந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அக்கா, என்னத் திட்டவாவது செய்."

"உன்ன ஒரு வார்த்த சொல்லக்கூடாதுன்னு அவரு சொல்லியிருக்காரு. அதான் சொல்லல." அக்கா பையைக் கட்டிலின் மேல் வைத்தாள். "ராத்திரி தூக்கத்துல உளறினாலும் தூண் தூண்னுதான் உளறுவாரு, முன்ன. அதையாவது விட்டு வெச்சிருக்கலாம். அத எடுத்துக்கிட்டே. அதுக்குப் பதிலா ஒண்ணக் குடுத்தே. அதையும் எடுத்துக்கிட்டே."

பொடிசு அழுதாள். அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை ஓயும்வரை நின்றாள். பிறகு குடையை விரித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

மறுநாள் புது ஓட்டுநர்கள் ஒரு கூட்டமாகப் பயிற்சிக்கு வந்திருந்தார்கள். பொடிசு நேரத்துக்கு வேலைக்குப் போனாள்.