ராகு காலத்துக்குள் முடித்த கொடி

வரிசையாகக் கோத்த அட்டைகளின் துளைப்படி டிசைன் நெய்யும் ஜக்கார்டு தறிக்கு, அட்டையில் துளை போட்டுத் தரும் கடையில் வேலை பார்க்கிறேன். துளை போடும் மெஷின் பழைய கம்ப்யூட்டர் ஒன்றோடு மட்டுமே சேரும். அதில் தசமக் கணக்குக்கென்று தனிச் சில்லு கிடையாது. வளைந்து போகும் கொடி டிசைனோ தசமம் இல்லாமல் ஆகாது. முதலாளியின் மருமகன் எழுதிய புரோகிராம் அந்த வளைவுகளைக் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் காலை மதியமாகிவிடும்.

அன்று வாசலில் நெசவாளர் ஒருவர் நின்றிருந்தார். தன் மகளின் முகூர்த்தப் புடவையைத் தானே நெய்யப் போகிறார். புது டிசைன் அட்டையை ராகு காலத்துக்கு முன்பே வாங்கிப் போவது எங்கள் ஊர் வழக்கம்.

"இன்னா மாப்ள, மெஷின் தூங்குதா? ராகு காலம் வந்துகினு கீது. ஜல்தி!"

"புரோகிராம மெஷினுக்குப் புரியறாப்ல மாத்தித் தர்ற கம்பைலர்ல ஒரு ஆப்ஷன் கீதுங்க மாமா. தசமத்த முழுசா வெச்சிக்காம தோராயமா போட்டுடும். சீக்கிரம் முடியும்" என்றார் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த மருமகன்.

"அதப் போடு, பேஜார் பண்ணாத."

அட்டைகள் நேரத்துக்குள் போய்விட்டன.

அடுத்த வாரம் அவர் திரும்பி வந்தார். கையில் தறியிலிருந்து அறுத்தெடுத்த பட்டு. ஒவ்வொரு அட்டையிலும் வளைவு மயிரிழை விலகி, அந்த விலகல் சேர்ந்துகொண்டே வந்திருந்தது. கடைசி அட்டை முடிந்து முதல் அட்டை திரும்பும் இடத்தில் கொடி துண்டாகிக் கிடந்தது.

"தாலி ஏறுற அன்னிக்கி எம்பொண்ணு இதையா கட்டிகினு குந்தணும்?"

"தோராயம்னு அப்பவே சொன்னேனே மாமா" என்று மருமகன் சிரித்தார்.

நெசவாளர் கீபோர்டைப் பிடுங்கி அந்தச் சிரிப்பின் மேலேயே அடித்தார். பட்டன்கள் தெறித்தன. மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. விழுந்தவரை வயிற்றில் உதைத்தார். குறுக்கே கையை நீட்டினேன். மேசையிலிருந்த இரும்பு ஸ்கேல் என் விரல்களில் இறங்கியது. எலும்பு முறியும் சத்தம் எனக்கே கேட்டது. பிறகு ஸ்கேல் கம்ப்யூட்டரின் மேல் ஓங்கியது.

"அத ஒடச்சா பொடவையே இல்லீங்க!" என்று கத்தினேன்.

கை அந்தரத்தில் நின்றது. அவருக்கு மூச்சு வாங்கியது.

"அந்த ஆப்ஷன எடுத்துட்டு மறுபடி போடு."

பரணிலிருந்து வேறு கீபோர்டை ஒற்றைக் கையால் இறக்கிக் கொடுத்தேன். மருமகன் சட்டையெல்லாம் ரத்தத்தோடு ஆப்ஷனை நீக்கி, மறுபடி கம்பைல் செய்தார். வளைவுகள் பழையபடி ஊர்ந்தன. நெசவாளர் ஸ்கேலை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ராகு காலம் வந்துடுமேங்க" என்றார் மருமகன், மூக்கைப் பிடித்தபடி.

"வந்தா வாசல்ல நிக்கட்டும்."