செம்பா, அலுமினியமா

சண்டிலிப்பாயில் தகரக் கூரை போட்ட ஓர் அறையில் இருந்துதான் ஆரணி வேலை செய்தாள். இன்னும் கட்டப்படாத கட்டடங்களைக் கணினியில் எழுப்பி, சன்னலால் வெயில் விழுவதுவரை படமாக்கிக் கொடுப்பது அவள் தொழில். சித்திரை வெயிலில், படங்களை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்ட் கொதித்து, பதினொரு மணிக்கே கணினி அணைந்துவிடும். மருதனார்மடத்தில் கல்யாண மண்டபம் கட்டப்போகிறவர்கள் மாத முடிவுக்குள் ஆறு படங்கள் கேட்டிருந்தார்கள். தவறினால், அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை கைவிட்டுப் போகும்.

காற்றாடி போதாது, தண்ணீர் ஓடவிட்டுத்தான் குளிர வைக்க வேண்டும் என்று அறிந்து, தண்ணீரின் சூட்டைக் காற்றில் விடும் செம்பு ரேடியேற்றர் ஒன்று வாங்கியிருந்தாள். கார்ட்டின் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கும் உலோகக் கட்டையான வோட்டர் புளொக்கில் எதை எடுப்பது என்றுதான் தெரியவில்லை. கணினியைத் தூக்கிக்கொண்டு குருநகருக்கு, ஜெசிதாவிடம் போனாள்.

ஜெசிதா பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, தகப்பன் சிமியோனுடன் படகு எஞ்சின் கழற்றிப் பூட்டியவள். இப்போது அதே கொட்டிலில் கணினி திருத்துகிறாள். அதிகம் கதைக்க மாட்டாள். கார்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, விற்பனைக்கு இருந்த புளொக்குகளின் படங்களோடு துளை துளையாக ஒப்பிட்டாள். ஒரே பெயரில் வரும் கார்ட்டுகளிலும் துளைகள் இடம் மாறியிருக்கும் என்று ஆரணிக்கு அன்றுதான் தெரிந்தது. இரண்டு புளொக்குகள் பொருந்தின. அலுமினியத்தில் ஒன்று, கொழும்பிலிருந்து நாளைக்கே வரும். செம்பில் ஒன்று, பன்னிரண்டு நாள் பிடிக்கும்.

நாளைக்கு வருவதே போதும் என்று ஆரணி கெஞ்சாத குறையாகச் சொன்னாள்.

ஜெசிதா மேசை லாச்சியை இழுத்து ஒரு பழைய எஞ்சின் மூடியை எடுத்து முன்னால் வைத்தாள். செம்பு கலந்த பித்தளை ஆணி இருந்த இடத்தைச் சுற்றி அலுமினியம் பூச்சி அரித்ததுபோல் கிடந்தது.

"உன்ரை ரேடியேற்றர் செம்பு, பிள்ளை. அதோடை அலுமினியத்தை ஒரே தண்ணியிலை விட்டா உப்பிடித்தான். ஒழுகிச்செண்டால் கார்ட்டே போயிடும்."

"அப்ப என்ரை வேலை, அக்கா?"

"செம்பு வருமட்டும் கார்ட்டின்ரை வேகத்தைக் குறைச்சு விடுறன். ஆமை மாதிரி ஓடும். ஆனா நிக்காது."

ஆமை மாதிரியேதான் ஓடியது. இரண்டு படங்கள் முடிய, செம்பு புளொக் வந்து சேர்ந்தது. ஆரணி கணினியோடு, உள்ளே ஓடவிட ஒரு போத்தல் தண்ணீரும் கொண்டு போனாள். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். இரண்டு தரம் கொதிக்க வைத்து, வெள்ளைத் துணியில் வடித்தது. ஜெசிதா தண்ணீர் கொதிக்க வைக்கும் தன் கேத்திலின் மூடியைத் திறந்து காட்டினாள். அடியெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்புப் படை. புளொக்கின் உள்ளே இருப்பவையோ தலைமயிர் அளவு இடைவெளிகள். ஆரணி போத்தலை மெல்லப் பைக்குள் தள்ளினாள்.

"வைச்சிட்டுப் போ, தேத்தண்ணி போடலாம்" என்றாள் ஜெசிதா.

புளொக்கைப் பூட்டி, பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றி, கார்ட்டுக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒழுகினால் தெரிய மூட்டுக்கு மூட்டு வெள்ளைக் கடதாசி சுற்றி ஒரு முழுநாள் வைத்தாள். மறுநாள் ஆரணி ஒவ்வொரு கடதாசியையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் காய்ந்தே இருந்தன.

அதன் பிறகு உச்சி வெயிலிலும் கணினி அணையவில்லை. மிச்ச நான்கு படங்களும், மாத முடிவுக்கு ஒரு நாள் இருக்க, முடிந்தன. அனுப்பிய கையோடு ஆரணி குருநகருக்கு அழைப்பெடுத்தாள்.

"சூடு எத்தினை பாகை காட்டுது?" ஜெசிதா அதைத்தான் முதலில் கேட்டாள்.

"அறுபத்திரண்டு, அக்கா."

"ம். கிழமைக்கு ஒருக்கா மூட்டுகளைத் தொட்டுப் பார்."