தொட்டில் பாட்டுக்கு வாங்குன ஒதை

ஒரகடத்துப் பக்கம் கம்பெனி எதுவும் வராத காலம். படப்பையிலேர்ந்து சேரப்பணஞ்சேரிக்கு என்னைக் கட்டிக் குடுத்தாங்க. எங்கம்மா சாவு வூடுங்களுக்குப் போயி ஒப்பாரி பாடுறவங்க. அவங்க கொரல்தான் எனக்கும். அதைத் தவிர வேற சீதனம் ஒண்ணும் கொண்டு போவல.

ஆம்பளப் புள்ள பொறந்துச்சு. தொட்டில்ல போட்டு, "கண்ணுறங்கு ராசாவே, காவலுக்கு நானிருக்கேன்"னு அம்மாவோட மெட்டுலதான் இழுத்துப் பாடுவேன். வேற மெட்டுக்கு நான் எங்க போவேன்? ஒரு நாள் புள்ளைக்கு லேசா காய்ச்சல். பாடிக்கினே ஆட்டிக்கினு இருந்தேன். பின்னாலேர்ந்து மாமியார் என் கொண்டைய புடிச்சு இழுத்தாங்க.

"அடிப்பாவி, உயிரோட கீற புள்ளைக்கு ஒப்பாரியாடி வெக்கிற?"

மண்டைய செவுத்துல மோதுனாங்க. "தாலாட்டு அத்தே"ன்னு கத்துனேன். வாய் மேலயே கரண்டியால ஒரு போடு. முன்பல்லு ஒண்ணு கையில வந்துச்சு. வயல்லேர்ந்து வந்த என் வூட்டுக்காரர் இன்னா ஏதுன்னு கேக்கல, இடுப்புலயே எட்டி ஒதைச்சாரு. நானும் சும்மா வுடல. மாமியார் கைய ரத்தம் வர்ற மட்டும் கடிச்சேன்.

அன்னியிலேர்ந்து புள்ள எனக்கு இல்ல. பால் குடுக்க மட்டும் நீட்டுவாங்க, குடிச்சதும் பிடுங்கிக்கினு போயிடுவாங்க. செவுத்துக்கு அந்தாண்ட அது அழும். நான் வாயத் தொறந்தா அடி. எம்மாடி, அந்த வயித்தெரிச்சல இன்னான்னு சொல்றது! சாவுக்கு ஒண்ணு, தொட்டிலுக்கு ஒண்ணு, நடவுக்கு ஒண்ணுன்னு ஜனங்க பாட்டுக்கெல்லாம் வரப்பு போட்டு வெச்சிருக்காங்க. போட்டுக்கட்டும், எனக்கின்னா? ஆனா வரப்பு தாண்டுனா பாட்டையா ஒதைக்கிறாங்க? பாடுறவளத்தான் ஒதைக்கிறாங்க.

அறுப்பு முடியறதுக்குள்ள மாமனார் செத்துப்போனாரு. ஊரே வந்து குந்திக்கினு கீது. மாமியாருக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கிச்சு. ஒப்பாரி இல்லாம பொணத்த எடுத்தா ஊர்ல காறித் துப்புவாங்க. மாமியாரே எங்கிட்ட வந்தாங்க.

"பாடுடி. உங்கம்மா மாதிரி பாடு."

"மொதல்ல என் புள்ளைய குடு."

கை ஓங்குச்சு. வந்தவங்கள்லாம் பாக்குறாங்களேன்னு அப்படியே நின்னுச்சு. அப்புறம் நான் கடிச்ச தழும்பு இருந்த அதே கையால புள்ளைய என் மடியில போட்டாங்க.

பொணத்துக்குப் பக்கத்துல குந்திக்கினு ஆரம்பிச்சேன். "கண்ணுறங்கு ராசாவே, காவலுக்கு நானிருக்கேன்." அதே மெட்டு, ஒரு வார்த்தை மாத்தல. "எம்மாம் நல்லா ஒப்பாரி வெக்கிறா பாரு"ன்னு பொம்பளைங்க மூக்கு சிந்துனாங்க. மாமியார் மாரடிச்சுக்கினு தரையில உருண்டாங்க.

என் மடியில புள்ள தூங்கிடுச்சு.